போன் கரகரத்தால் நெட்டும் தடுமாறும்: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய செம்புக் கம்பி லைனில் இன்னும் நெட் வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. பல வருஷம் லைன் வேலை பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாலக்கோடு: மழை பெய்தால் நெட் நிற்கிறது அண்ணா. மோடம் மாற்றியும் சரியாகவில்லை.

தம்பி, மோடத்தை விடுங்க. ரிசீவரை எடுத்து ஒரு நம்பர் மட்டும் அழுத்துங்க, டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் கரகரவென்று கேட்டால் கோளாறு லைனில்தான். நம் பேச்சுக்கு 3,400 ஹெர்ட்ஸ் போதும். செம்புக் கம்பியில் நெட் கொண்டுவரும் ஏடிஎஸ்எல் முறை அதே கம்பியில் 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. காதுக்குச் சின்ன இரைச்சல், அதற்குப் பெரிய அடி. சுவரில் உள்ள ரோசெட் பெட்டியைக் கழற்றிப் பாருங்க. திருகில் பச்சைக் களிம்பு இருந்தால், கம்பி நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்குங்க. இடி மின்னல் நேரத்தில் கை வைக்காதீங்க. பிரவுசரில் திறக்கும் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஒரு எண் இருக்கும், இரைச்சலைத் தாங்க லைனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது சொல்லும். அது 6-க்குக் கீழே போனால் லைன் அறுந்து அறுந்து வரும்.

பென்னாகரம்: போன் மணி அடித்தாலே நெட் கட் ஆகிறது.

பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டியான ஸ்ப்ளிட்டர் இல்லாமல் ஏதோ ஒரு போன் நேராக லைனில் இருக்கும். மாடியில் மறந்துபோன எக்ஸ்டென்ஷனைத் தேடுங்க.

அரூர்: போன் செத்துவிட்டது, நெட் மட்டும் மெதுவாக வருகிறது. எப்படி சார்?

இரண்டு கம்பியில் ஒன்று அறுந்திருக்கலாம். பேச்சுக்கு முழுச் சுற்று வேண்டும். உயர் அலைவரிசையோ அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டிக் கசிந்து வந்துவிடும். நெட்தான் வருகிறதே என்று இருந்துவிடாதீங்க, இன்றே புகார் கொடுங்க.

காவேரிப்பட்டணம்: தோப்பு வீடு, எக்ஸ்சேஞ்சிலிருந்து 4 கிலோமீட்டர். 2 எம்பிக்கு மேல் ஏறவில்லை.

அவ்வளவு தூரத்துக்கு அதுவே நல்ல லைன்தான். பெரிய பிளானுக்குப் பணம் கட்டாதீங்க. ஃபைபர் வருமா என்று கேளுங்க.

ஓசூர்: ஃபைபர் போட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது.

எல்ஓஎஸ் விளக்கு என்றால் ஒளி வந்து சேரவில்லை. பீரோவுக்குப் பின்னால் ஒயர் மடங்கியிருக்கிறதா பாருங்க. இழையின் நுனியைக் கண்ணில் வைத்துப் பார்க்கவே கூடாது.

பாலக்கோடு மறுபடி: கழற்றினேன் அண்ணா, ஒரு திருகு முழுக்கப் பச்சை. கம்பி தொட்டதும் ஒடிந்தது. சீவி மாட்டினேன், மார்ஜின் 4-லிருந்து 11 ஆகிவிட்டது.

ரொம்ப சந்தோஷம் தம்பி. அடுத்த மழையன்று அந்த எண்ணை மறுபடி பாருங்க. அப்போதும் இறங்கினால் வெளிக்கம்பத்து ஜாயிண்டில் தண்ணீர் இறங்குகிறது. அது லைன்மேன் ஏறிப் பார்க்க வேண்டிய வேலை.