வாங்குவோர் கேள்வி-பதில்: எல்லாம் ஒரே ஆப்பில்

கே: மகன் கோவையில் கல்லூரி சேர்ந்ததிலிருந்து ரீசார்ஜ், டிக்கெட், சாப்பாடு எல்லாமே ஒரே ஆப்பில்தான். பிள்ளைகள் ஏன் இப்படி விழுந்து கிடக்கிறார்கள்?
- ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

ப: வசதி என்பார்கள், அது பாதிக் காரணம்தான் அம்மா. முதல் காரணம் கூட்டாளிகள். கேன்டீனில் ஒருவன் டீக்குப் பணம் கட்டினால் மற்றவர்கள் தங்கள் பங்கை உடனே அனுப்ப வேண்டும். யுபிஐ-யில் எந்த ஆப்பிலிருந்தும் எந்த ஆப்புக்கும் பணம் போகும். இருந்தாலும் கூட்டாளி வைத்திருப்பதையே இறக்குகிறார்கள். அடுத்தது கேஷ்பேக். விலை குறைந்த போனில் பல ஆப்புக்கு இடமும் இருக்காது. பாலக்காடு-கோவை மெமு ரயிலில் போய்வரும் பிள்ளைக்கு, 2025-இல் ரயில்வே விட்ட ரயில்ஒன் ஆப்பில் டிக்கெட்டும் புகாரும் ஒரே இடத்தில் இருப்பது நல்ல உதவி. ஆனால் மகன் ஆப்பில் 'உடனடி கடன்' பொத்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கே: ஆப்பில் 5,000 ரூபாய் கடன் கேட்டேன். கையில் வந்தது 3,600. இப்போது அம்மாவுக்கும் வகுப்புத் தோழிக்கும் போன் போட்டு மிரட்டுகிறார்கள்.
- மாணவர், மீனாட்சிபுரம்

ப: தம்பி, தலைகுனிய வேண்டியது நீங்கள் அல்ல. மெஸ் பில் கட்டும் அதே திரையில் கடனையும் வைத்து, 'ஒரே தொடுதல்' என்று வருமானமே இல்லாத பிள்ளைகளிடம் நீட்டுவதைப் பல வருடமாகக் கண்டித்து வருகிறேன். 2022-இலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டுவிட்டது. கட்டணமும் வருட வட்டியும் கடனுக்கு முன்பே ஒரே தாளில் காட்ட வேண்டும்; அதில் இல்லாத கட்டணத்தைப் பிடிக்கக் கூடாது. உங்கள் போனில் உள்ள எண்களையும் படங்களையும் கடன் ஆப் தொடவே கூடாது. அம்மாவின் எண் அவர்களுக்கு எப்படிப் போனது? அதுவே விதிமீறல். மிரட்டிய மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள்.

கே: பணம் வரும் என்றார்கள், ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டேன், 2,000 போய்விட்டது. இது மூன்றாவது தடவை.
- வேலந்தாவளம்

ப: பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. முதல் தடவையே தெரிந்திருக்க வேண்டும். 1930-க்கு உடனே பேசுங்கள்.

கே: கோவையில் வாங்கிய ஹெட்போன் பழுது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டுகிறார்கள். வழக்குக்கு கோவை போக வேண்டுமா?
- சித்தூர், பாலக்காடு

ப: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு விற்ற மிக்ஸி ஒரே வாரத்தில் புகைந்தபோது அந்தக் கடையும் இதே வரியைத்தான் காட்டியது. பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பக் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.