ஜான்சிபாருக்குப் படிக்கப் போகும் மகளுக்கு என்ன சொல்லி அனுப்பலாம்?

கேள்வி: என் மகளுக்கு ஜான்சிபாரில் உள்ள சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் எம்.டெக். இடம் கிடைத்திருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? மொழி தெரியாத ஊரில் தனியாகப் போய்வர முடியுமா? — மதுரை வாசகி ஒருவர்

பதில்: முதலில் வாழ்த்துகள். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இரண்டு ஆண்டுகள் படித்தவள் நான். விடுமுறை கிடைத்தால் கப்பலேறி, அதே நாட்டைச் சேர்ந்த தீவான ஜான்சிபாருக்குப் போய்விடுவேன்; சுமார் இரண்டு மணி நேரப் பயணம்தான். இப்போது அந்தப் பக்கம் படிக்கப் போகும் மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன்.

ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு நாள் கணக்கு உண்டு. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் தான்சானியா மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்பதில்லை. ஆனால் பலரும் கென்யாவின் நைரோபி அல்லது எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகத்தான் போகிறார்கள். இரண்டுமே மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாடுகள். அங்கே விமானம் மாற 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் சான்று வேண்டும். அதைவிட முக்கியம், அவள் திரும்பி வரும் பயணம். படிக்கும் பிள்ளைகள் நண்பர்களோடு கென்யா பார்க்கப் போகாமல் இருக்க மாட்டார்கள். அங்கே தங்கிவிட்டுச் சான்று இல்லாமல் இந்தியா வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. அதனால் போட்டுக்கொண்டே போகட்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரே ஊசி, ஆயுளுக்கும் செல்லும். ஆனால் போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும்; கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மலேரியா, ஜான்சிபார் தீவில் வெகுவாகக் குறைந்துவிட்டது. தான்சானியாவின் பெருநிலத்தில் இன்னும் இருக்கிறது. விடுமுறைக்கு மதுரை வந்த இடத்தில் காய்ச்சல் கண்டால், "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்த ஊர் மலேரியா ஓரிரு நாளில் முற்றிவிடக்கூடிய வகை. இதை அவள் மனதில் நன்றாகப் பதிய வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். தேங்காய்ப்பாலில் பொங்கிய சோறு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த காராமணி போன்ற பயறு, 'ம்ச்சிச்சா' என்ற கீரை. அந்தக் கீரையைச் சந்தையில் முதலில் பார்த்தபோது, நம் முளைக்கீரைக் கட்டேதான் என்று கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். சப்பாத்திக்கு அங்கேயும் பெயர் சப்பாத்திதான். மாவில் பொரித்த பஜியா தெருவுக்குத் தெரு கிடைக்கும். மீன், கறிச் சாறு கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும். ரமலான் மாதத்தில் பகலில் உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஊரே நோன்பிருக்கும்போது தெருவில் நின்று சாப்பிடுவது மரியாதையும் ஆகாது. அந்த மாதம் அறையிலேயே சமைத்துக்கொள்ளட்டும்.

இனி மொழி. வகுப்பு ஆங்கிலத்தில்தான், அதனால் அந்த ஊர் மொழியான சுவாஹிலி தெரியாமலே பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் அப்படிப் படித்து முடித்தவர்கள் வளாகத்தையும் ஸ்டோன் டவுன் என்ற பழைய நகரப் பகுதியையும் தவிர எதையும் பார்க்காமல் திரும்பி வந்ததை நான் கண்டிருக்கிறேன். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். எழுதியபடியே உச்சரிக்கும் மொழி அது. சொற்கள் உயிரெழுத்தில் முடியும். தமிழ் நாக்குக்குச் சிரமமே இல்லை. அதிலும் ஜான்சிபார் பேச்சுதான் பொதுச் சுவாஹிலிக்கே அடிப்படை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ளட்டும். வயதில் மூத்தவர்களைப் பார்த்தால் 'ஷிகமோ' என்று சொல்ல வேண்டும். பாதம் பற்றுகிறேன் என்பது அதன் பழைய பொருள் என்பார்கள். அவர்கள் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார்கள். கடைக்காரரிடம் விலை கேட்கும் முன்பும், டாலாடாலா எனப்படும் சிற்றுந்தில் பக்கத்து இருக்கைப் பாட்டியிடமும் இதைச் சொன்னால் போதும், அந்தப் பாட்டி இறங்கும் இடம் வரை உங்கள் பெண்ணைப் பார்த்துக்கொள்வார். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். நம் சுடிதார் அங்கே மிகப் பொருத்தம். பகலில் தனியாகப் போய்வரலாம். இருட்டிய பிறகு, கடற்கரைப் பக்கம் தனியாக வேண்டாம். தெரிந்த டாக்சிக்காரர் எண் கையில் இருக்கட்டும்.

அப்புறம், நேரம். இதில்தான் நான் தடுக்கி விழுந்தேன். வாடகை அறை பார்க்க 'ஸா ன்னே'வுக்கு வரச் சொன்னார் வீட்டுக்கார அம்மா. ன்னே என்றால் நான்கு. மாலை நான்கு மணிக்குப் போய் நின்றேன். அவர் காலை பத்து மணியிலிருந்து காத்திருந்தாராம். சுவாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகிறது: நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒன்று, பத்து மணி நான்கு. மாலை ஆறுக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து இதே கணக்கு. நம் பஞ்சாங்கத்து உதயாதி நாழிகை மாதிரிதான். அந்த அம்மா கோபிக்கவில்லை, 'போலெ' என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம். யார் நேரம் சொன்னாலும் ஆங்கிலக் கணக்கா, சுவாஹிலிக் கணக்கா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

மாணவர்களுக்கு 'சி' வகை வசிப்பு அனுமதி உண்டு. எப்போது, யார் விண்ணப்பிப்பது என்பதைக் கிளம்பும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெட்டியில் முறுக்கையும் பொடியையும் பிளாஸ்டிக் கேரி பையில் சுற்றி வைக்காதீர்கள். தான்சானியா 2019 ஜூனிலிருந்து அவற்றைத் தடை செய்திருக்கிறது. மஞ்சப்பையும் டப்பாவும் நல்லது. பிளக் பெரும்பாலும் நம்முடையது போல உருண்டைக் கால் அல்ல, பட்டைக் கால் மூன்று. ஓர் அடாப்டர் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். நீங்கள் வேலை முடித்து இரவு பத்துக்கு அழைத்தால் அங்கே ஏழரை, ஊர்க் கணக்கில் ஒன்றரை. அவள் அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருப்பாள்.