3,000 வெள்ளி கையில் இருக்கிறது, மோட்டோகிராஸ் பழகும் பையனுக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, ஈசூனில் இருக்கிறோம். வார இறுதியில் ஜோகூருக்குப் போய் மோட்டோகிராஸ், அதாவது மண் தடத்தில் தாவி ஓட்டும் பைக் பந்தயம், பழகுகிறான். 125 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி, அங்கேயே ஒரு பட்டறையில் விட்டுவைத்திருக்கிறோம். கூட ஓட்டும் பையன்கள் ஜிபிஎஸ் கருவி, ஏர்பேக், செயலி என்று வாங்கிக் குவிக்கிறார்கள். இவன் மின்சார பைக்கே வேண்டும் என்கிறான். என்னால் 3,000 வெள்ளி ஒதுக்க முடியும். எதில் போடுவது?

பதில்: மின்சார பைக் கதையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அது 3,000 வெள்ளிக்கு வராது. ஸ்பெயினின் ஸ்டார்க் ஃபியூச்சர் நிறுவனம் 2021 கடைசியில் காட்டிய வார்க் வண்டியின் அறிமுக விலையே 12,000 யூரோவை ஒட்டி இருந்தது. தம்பி ஆசைப்படுவதில் தப்பில்லை, நல்ல வண்டிதான்: 80 குதிரைசக்தி வரை போகும், கைப்பிடியில் இருக்கும் ஃபோன் திரையைத் தொட்டு 125 மாதிரியும் மாற்றலாம், 450 மாதிரியும் மாற்றலாம், என்ஜின் பிரேக்கிங்கைக்கூட கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அதில் கிளட்சும் இல்லை கியரும் இல்லை. திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஒரு விரலால் கிளட்சைத் தட்டி 125ஐ அதன் சக்தி வரும் என்ஜின் வேகத்திலேயே பிடித்து வைப்பதுதான் இந்த வயதில் அவன் கற்க வேண்டிய வித்தை, நாளைக்கு 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஏறினாலும் அது கைகொடுக்கும். அப்புறம், 6 கிலோவாட்-மணிக்கு மேல் கொள்ளளவு உள்ள பேட்டரியை வீவக வீட்டுக்குள் வைத்து சார்ஜ் செய்யும் யோசனையே வேண்டாம், மின்ஸ்கூட்டர் பேட்டரியைவிட அது பல மடங்கு பெரியது, அந்தச் சின்ன பேட்டரிகள் வெடித்து வீடு எரிந்த செய்திகளையே நாம் போதுமான அளவு படித்துவிட்டோம். பதிவு செய்யாத வண்டி என்பதால் சாலையிலோ பூங்கா இணைப்புப் பாதையிலோ ஓட்டவும் முடியாது.

சரி, இனி பணத்துக்கு வருவோம். பாதியை உடம்புக்கு ஒதுக்குங்கள், அதிலும் தலைக்கவசம் முதலில். மண்ணில் விழும்போது தலை நேராக மோதுவதைவிட சாய்வாக மோதிச் சுழல்வதுதான் அதிகம், அந்தச் சுழற்சியைக் குறைக்கத்தான் இப்போது உள்ளே வழுக்கி நகரும் ஓர் அடுக்கு வைக்கிறார்கள், மிப்ஸ் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இருந்தால் நல்லது. ஆனால் அளவு சரியில்லை என்றால் எந்தத் தொழில்நுட்பமும் உதவாது, கன்னத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும், தலையை ஆட்டினால் கவசமும் தோலோடு சேர்ந்து நகர வேண்டும். ஒரு பெரிய விழுதல் ஆனதும் மாற்றிவிடுங்கள், வெளியே கீறல் இல்லையே என்று பார்க்க வேண்டாம்.

உடம்பில் அணியும் ஏர்பேக்? தார்த்தடத்தில் நடக்கும் மோட்டோஜிபி பந்தயத்தில் 2018 முதல் கட்டாயம், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் தார்ச்சாலைக்காக எழுதிய கணக்கு மோட்டோகிராஸுக்கு ஒத்துவராது. தாவும்போது உடம்பு எடையில்லாமல் மிதக்கிறது, இறங்கும்போது பெரிய அதிர்ச்சி, நடுவில் வண்டி பக்கவாட்டில் சாய்கிறது. சாலைச் சென்சாருக்கு இதெல்லாம் விபத்து மாதிரிதான் தெரியும். அதனால் ஆஃப்-ரோடுக்கென்றே தனியாகச் செய்தது மட்டும்தான் வேண்டும், ஆல்பைன்ஸ்டார்ஸ் போன்றவர்கள் விற்கிறார்கள். கயிற்றால் வண்டியோடு கட்டும் சாலை வகையை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள், பாதி நேரம் எழுந்து நின்றே ஓட்டுகிறவனுக்கு அது சரிவராது. என் கருத்து, இந்த வருடம் நல்ல மார்புக்கவசமும் முழங்கால் பிரேஸும் வாங்குங்கள், ஏர்பேக் அடுத்த வருடம்.

அடுத்தது சஸ்பென்ஷன், இதற்கு ஓர் அளவு நாடா போதும். 16 வயதில் பையன் உயரமும் எடையும் மாதத்துக்கு மாதம் மாறும், ஸ்பிரிங் மட்டும் கடையில் வந்தபடியே இருக்கும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, பின் அச்சிலிருந்து மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்து எழுதுங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கவசம் எல்லாம் போட்டு அவன் ஏறியதும் மறுபடி அளங்கள். வித்தியாசம் 100 முதல் 105 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான முழு அளவு வண்டிகளுக்குச் சரி. அந்த அளவை வைத்த பிறகு, அவன் இறங்கி வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது 30 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் அமுங்குகிறதா? அப்படியானால் ஸ்பிரிங் அவனுக்கு மெலிது, அதை முறுக்கி முறுக்கிச் சமாளித்திருக்கிறீர்கள் என்று பொருள். மாற்றுங்கள். 3,000 வெள்ளியில் இது சின்னத் துண்டு, ஆனால் லேப் நேரத்தில் உடனே தெரியும்.

ஃபோனில் என்ஜின் மேப்பை, அதாவது என்ஜின் சக்தி தரும் விதத்தை, மாற்றும் செயலியைப் பற்றிக் கவலை வேண்டாம். யமஹா 2018 ஒய்இசட்450எஃப்பிலிருந்து அதைக் கொடுக்கிறது, மழை பெய்து சிவப்புக் களிமண் வழுக்கும்போது மென்மையான மேப் போடுவது உண்மையிலேயே பயனுள்ளது, ஆனால் அதெல்லாம் ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு. உங்களுடையது கார்புரேட்டர் என்றால் ஜெட்டைத்தான், அதாவது பெட்ரோல் போகும் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சின்னப் பாகத்தைத்தான், கவனிக்க வேண்டும். இங்கே காற்று சூடாகவும் ஈரமாகவும் இருப்பதால் ஆக்சிஜன் குறைவு, குளிர் நாட்டுக்கு வைத்த ஜெட் பெட்ரோலை அதிகம் ஊற்றும், வண்டி மந்தமாக இருக்கும். நீங்களே சின்ன ஜெட் போட்டு விளையாடாதீர்கள், கலவை மெலிந்தால் டூ-ஸ்ட்ரோக் பிஸ்டன் சிக்கிவிடும். ஸ்பார்க் பிளக்கைப் பார்த்தே சொல்லத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இப்போது ஜிபிஎஸ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், கருவி மோசம் என்பதால் அல்ல, அதனிடம் தவறான கேள்வியைக் கேட்பதால். சாதாரண ஃபோன் நொடிக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும், ஒரு திருப்பமே அதற்குள் முடிந்துபோகும். நொடிக்கு 10 முறையாவது பதியும் தனிக் கருவி என்றால் 1.4 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும், எந்தப் பகுதியில் நேரம் போகிறது என்று நம்பிச் சொல்லலாம். ஆனால் திருப்பத்தில் உள்கோடு நல்லதா வெளிக்கோடு நல்லதா என்று அந்த வரைபடத்தை வைத்து வாதாடாதீர்கள், சிவில் ஜிபிஎஸ்ஸின் பிழையே சில மீட்டர் வரும், பக்கத்தில் மரங்கள் அடர்ந்திருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு பகுதிக்கும் ஆகும் நேரத்தை நம்புங்கள், அது வரைந்து காட்டும் பாதையை நம்பாதீர்கள்.

அதோடு கருவி சொல்வது 'எங்கே' என்பதை மட்டும். நாலாவது திருப்பத்தில் அரை நொடி போகிறது என்று சொல்லும், ஏன் போகிறது என்று சொல்லாது. அதற்கு வீடியோ வேண்டும், அது உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அந்தத் திருப்பத்தின் ஓரத்தில் பாதுகாப்பான இடத்தில் நின்று நொடிக்கு 120 அல்லது 240 பிரேமில் எடுங்கள். பிரேக்கை எங்கே விடுகிறான், எவ்வளவு சீக்கிரம் உட்காருகிறான், முழங்கை இறங்கிவிட்டதா, பாதத்தின் முன்பகுதி கால் வைக்கும் பெக்கில் இருக்கிறதா, கண் முன் சக்கரத்தைப் பார்க்கிறதா திருப்பம் முடியும் இடத்தைப் பார்க்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அவனைவிட கொஞ்சம் வேகமான ஒருவனையும் அதே இடத்தில் நின்று எடுத்து இரண்டையும் பயிற்றுவிப்பாளரிடம் காட்டுங்கள், பாதி வேலை முடிந்தது. ஃபோனை மட்டும் கைப்பிடியில் மாட்டாதீர்கள், என்ஜின் அதிர்வு ஐஃபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. வீடியோவில் இரண்டு மூன்று மாதம் உழைத்த பிறகும் நேரம் எங்கே போகிறது என்று புரியவில்லை என்றால் அப்போது ஜிபிஎஸ் வாங்குங்கள்.

அதற்கு முன் மார்பில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டை வாங்கலாம், விலையும் அதிகமில்லை. கைக்கடிகாரம் இதற்கு உதவாது, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போதும் அதிர்வின்போதும் அதன் ஒளிச் சென்சார் தாறுமாறாகக் காட்டும். மோட்டோகிராஸில் துடிப்பு உச்சத்தின் 90 விழுக்காட்டுக்கு மேலேயே பல நிமிடம் நிற்பது சகஜம், அதனால் ஓட்டும்போது வரும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இறங்கி நிழலில் உட்கார்ந்ததும் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பாருங்கள். வழக்கத்தைவிட மெதுவாக இறங்கினால் அன்றைக்கு அடுத்த சுற்று வேண்டாம், அவன் எவ்வளவு கெஞ்சினாலும். வெயில் அளவை எடைபோட நம் மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலை வருகிறது. அது இந்தப் பக்கத்துக்கான அளவுதான் என்றாலும், உட்லண்ட்ஸில் 'அதிகம்' என்று காட்டும் மதியத்தில் ஜோகூர் பாருவில் மட்டும் தென்றலா அடிக்கப்போகிறது? காலை ஓட்டத்துக்கு நேரம் கேளுங்கள்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எதையும் வாங்குவதற்கு முன் செய்துவிடுங்கள். அவன் பெயரில் உள்ள காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து விலக்குப் பகுதியைப் படியுங்கள். பல தனிநபர் விபத்துக் காப்புறுதிகள் மோட்டார் பந்தயத்தை, சில அதன் பயிற்சியையும் சேர்த்தே விலக்கிவைக்கின்றன. முகவரிடம் "மலேசியாவில், மூடிய தடத்தில், மோட்டோகிராஸ் பயிற்சி" என்று இதே சொற்களில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்றால் அதன் கட்டணத்தை இந்த 3,000இலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள், ஜிபிஎஸ் காத்திருக்கட்டும்.