மாதம் எட்டாயிரத்துக்கு ஒரு வார்டு

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் மார்ச் மாதத்திலிருந்து சிஆர்ஆர்ஐ-யாக, அதாவது எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசிக் கட்டமான ஓராண்டுப் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஸ்டெப் 1 பாஸ். ஆகஸ்ட் கடைசியில் ஸ்டெப் 2 சி.கே. எழுதி, செப்டம்பரிலேயே அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு (சம்பளத்தோடு தரும் நிபுணர் பயிற்சி) விண்ணப்பிக்கத் திட்டம். யூவேர்ல்ட் கேள்வித் தொகுப்பை ஒரு சுற்று முடித்துவிட்டேன். என்.பி.எம்.இ. மாதிரித் தேர்வுகளில் 226, 231, 228. அதற்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. டியூட்டியால் படிப்பு கெடவில்லை. இரண்டு மாத மெடிசின் போஸ்டிங்கையும் உடன் படித்த நண்பன் என் இடத்தில் பார்த்துக்கொள்கிறான், மாதம் எட்டாயிரம் கொடுத்துவிடுகிறேன். அப்பா இரண்டு ஏக்கர் நிலத்தை வங்கியில் ஈடு வைத்துத்தான் இதற்கெல்லாம் பணம் கட்டுகிறார். ஆகஸ்டில் எழுதலாமா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா? தள்ளினால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?
பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தம்பி, ஆகஸ்டில் எழுதாதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஏன் என்ற கணக்கைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த எட்டாயிரத்தைப் பேசியாக வேண்டும்.

அது யாருடைய பணம்? சிஆர்ஆர்ஐ-க்கு அரசு உதவித்தொகை கொடுப்பது வார்டில் நிற்பதற்காக. நிற்காமல் அதை வாங்கி, அதில் ஒரு பங்கை நிற்கிறவனுக்குக் கொடுக்கிறீர்கள். இதற்குக் கிராமத்தில் உள்குத்தகை என்று பெயர். நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நண்பனை நினைத்துப் பார்த்தீர்களா? பணத்துக்கு முடை இல்லாதவன் அடுத்தவன் டியூட்டியைச் சுமக்க மாட்டான். அவனுடைய யூனிட்டில் இரவு முழுக்க ஐ.வி. லைன் போட்டு, ரத்தம் எடுத்து, மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் இறக்கி முடித்துவிட்டு, தூங்காமல் உங்கள் யூனிட்டுக்கு வருகிறான். பூச்சி மருந்து குடித்துவிட்டு வந்தவருக்கு அட்ரோபின் ஓடுகிறது. கால் மணிக்கு ஒரு தடவை நாடித்துடிப்பையும் நெஞ்சில் கரகரப்பையும் பார்க்க வேண்டும். பாம்புக்கடிக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை வைத்த குழாய் மேஜையில் நிற்கிறது. இரண்டு வார்டுக்கு ஒரே ஆள். ஏதாவது தவறினால் சீட்டில் இருக்கும் கையெழுத்து அவனுடையது, டியூட்டி அட்டவணையில் இருக்கும் பெயர் உங்களுடையது. படுக்கையில் இருப்பவர் உங்கள் அப்பாவைப் போல ஒரு விவசாயி.

இனி உங்கள் 228-க்கு வருவோம். அதுவும் இதே இடத்திலிருந்து வருவதுதான்.

ஸ்டெப் 1 புத்தகத்தால் பாஸ் ஆகும். 2022 ஜனவரி முதல் அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில். ஸ்டெப் 2 சி.கே. அப்படியல்ல. நோய் என்ன என்பதோடு அது விடுவதில்லை. அடுத்து என்ன செய்வாய் என்று கேட்கும். விபத்தில் அடிபட்டவர், ரத்த அழுத்தம் 80-க்கு 50, வயிறு உப்புகிறது, ஃபாஸ்ட் என்ற அவசர அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் ரத்தம். விடைத் தெரிவுகளில் சி.டி. ஸ்கேன் இருக்கும், அறுவை சிகிச்சையும் இருக்கும். காஷுவாலிட்டியில் ஒரு மாதம் நின்றவன் சி.டி.யைத் தொடவே மாட்டான். நிலையில்லாத நோயாளியை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகும் டி.கே.ஏ. பற்றிய கேள்வியில் பொட்டாசியம் குறைந்திருந்தால் இன்சுலினைத் தொடங்காதே என்பதும் அப்படித்தான். யூவேர்ல்டில் ஐந்து முறை படித்தும் மறப்பீர்கள். மணிக்கொரு முறை நீங்களே சர்க்கரை பார்த்து, எலக்ட்ரோலைட் ரிப்போர்ட்டுக்காக லேபுக்கு ஓடியிருந்தால் மறக்காது. நம் வார்டு எல்லாவற்றையும் கற்றுத்தராது, உண்மைதான். அமெரிக்கப் பரிசோதனை வயது வரம்புகள், தடுப்பூசி அட்டவணை, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் படித்தே ஆக வேண்டும். ஆனால் 220-களில் தேங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் நிற்பதில்லை. இரண்டு விடைகளுக்கு நடுவில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. நோயாளி பாதுகாப்பு, தொழில் ஒழுக்கம், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நோயாளி மாறும்போது வரும் பிழை ஆகியவற்றிலிருந்தும் அந்தத் தேர்வில் கேள்வி வரும். தூக்கமில்லாத சக மருத்துவர் இரண்டு பேர் வேலையைச் செய்வது உங்களுக்குத் தெரிகிறது, என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி வந்தால் எந்தக் கட்டத்தைத் தட்டுவீர்கள் தம்பி?

சரி, கணக்கு. ஸ்டெப் 2-வில் ஒரு முறை பாஸ் ஆகிவிட்டால் மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக மறுபடி எழுத முடியாது. 228 வாங்கினால் காலத்துக்கும் 228. அது பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம்தான் மேலே. அமெரிக்க மாணவர்களின் சராசரி 250-ஐ ஒட்டி நிற்கிறது. ரெசிடென்சி தரும் பல மருத்துவமனைகள் மதிப்பெண்ணை வைத்து முதல் சல்லடையைப் போடுகின்றன. அதில் விழுந்த விண்ணப்பத்தை யாரும் திறப்பதில்லை. உங்களைப் போல வெளிநாட்டில் படித்த வெளிநாட்டுக் குடிமக்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில்தான் இடம் கிடைக்கிறது. இதில் பயந்துபோய் 150 இடத்துக்கு விண்ணப்பம் போடுவார்கள் சிலர். விண்ணப்பம் போடும் இணையதளமான ஈராஸில் முதல் தொகுதிக்கு மேல் போகப் போக ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் எகிறும். அப்படித்தான் நிலம் வட்டியில் கரைகிறது.

விண்ணப்பத்தில் வேறு என்ன வைப்பீர்கள்? ஒரு ரெசிடென்சி விண்ணப்பத்தோடு நான்கு பரிந்துரைக் கடிதம் வரை அனுப்பலாம். எழுதுபவரே நேரடியாக ஈராஸில் ஏற்றுவார். நீங்கள் பார்க்க மாட்டீர்கள். உங்கள் மெடிசின் சீஃப் என்ன எழுதுவார்? முகம் தெரியாத பையனுக்கு 'நல்லவர், நேரம் தவறாதவர்' என்று நாலு வரி. அந்த நாலு வரியை அமெரிக்காவில் படிக்கிறவர்கள் சரியாகவே புரிந்துகொள்வார்கள். அனுபவங்கள் பகுதியில் இன்டர்ன்ஷிப்பைப் பற்றி எழுதப் போகிறீர்களா? எழுதினால் பொய். நேர்முகத்தில், கையாளக் கடினமாக இருந்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். நண்பனிடம் கதை கேட்டுக்கொண்டு போவீர்களா? ஆவணங்களில் பொய் இருந்தது என்று, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குச் சான்று தரும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு முடிவுக்கு வந்தால் அந்தக் குறிப்பு உங்கள் பதிவில் நிரந்தரமாக நிற்கும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே ஆகஸ்ட் தேதியை விடுங்கள். நாளைக்கே யூனிட் சீஃபைப் பாருங்கள். மெடிசின் போஸ்டிங்கைச் செய்யவில்லை, நீட்டிப்பு போட்டுச் செய்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள். மார்ச்சில் முடிய வேண்டியது மே வரை போகும்.

அதுவரை தினமும் 40 கேள்வி, கலந்துகட்டி, கடிகாரம் வைத்து, கேள்விக்கு ஒன்றரை நிமிடம். டியூட்டி நாளில் 10 போதும். தவறியதையெல்லாம் நோட்டில் மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காதது, சரியான விடையைப் போட்டுவிட்டு மாற்றியது. முதலாவதுக்கு மட்டும்தான் படிப்பு மருந்து. இரண்டாவதுக்கு, கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்துவிட்டு மேலே போகும் பழக்கம். மூன்றாவதுக்கு, கேள்வியில் புதிதாக ஒரு ஆதாரம் கண்ணில் படாமல் விடையை மாற்றுவதில்லை என்ற வைராக்கியம்.

டிசம்பரில் ஓ.இ.டி. மெடிசின், அதாவது மருத்துவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு, எழுதிவிடுங்கள். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 350, ரைட்டிங்கில் 300 வேண்டும். ரைட்டிங்கில் நம் பிள்ளைகள் சறுக்குவது ஆங்கிலத்தால் அல்ல, கொடுத்த கேஸ் நோட்ஸ் மொத்தத்தையும் கடிதத்தில் கொட்டுவதால். படிக்கப்போகும் மருத்துவருக்குத் தேவையானதை மட்டும் பொறுக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்குத் தனியாகக் கோச்சிங் எதற்கு? வார்டில் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுங்கள்.

ஜூன், ஜூலை முழுநேரப் படிப்பு. அடுத்தடுத்து இரண்டு மாதிரித் தேர்வில் 245 தாண்டினால் ஜூலைக் கடைசியில் எழுதலாம். தாண்டாவிட்டால் அப்போதும் எழுதக் கூடாது. முடிவு வர நான்கு வாரம் வரை ஆகலாம், செப்டம்பருக்குச் சரியாக இருக்கும். ஆகஸ்டில் நாலு வாரம் அமெரிக்காவில் அப்சர்வர்ஷிப், அதாவது மருத்துவர்களோடு நின்று பார்க்கும் பயிற்சி. பட்டம் முடித்தவர் என்பதால் நோயாளியைத் தொட விடமாட்டார்கள், பார்க்கலாம், கடிதம் வாங்கலாம். விசா நேர்முகத் தேதி கிடைக்க மாதக்கணக்காகும், முன்கூட்டியே பாருங்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? போனில் சொல்லாதீர்கள். ஊருக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, நண்பனுக்குக் கொடுத்த பணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வருட வட்டி கூடுதலாக ஏறும். மாதம் எட்டாயிரம் என்றால் வருடத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம். இனி அது வங்கிக்குப் போகட்டும். அதற்கடுத்த மார்ச்சில் மேட்ச் ஆனாலும், அதாவது இடம் கிடைத்தாலும், சம்பளம் ஜூலையில்தான் தொடங்கும், முதல் ஆண்டு 60,000 டாலருக்கு மேல் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஜே-1 விசாவில் போனால் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு இந்தியாவில் இருந்தாக வேண்டும், விலக்கு வாங்கினால் தவிர. ஹெச்-1பி என்றால் ஸ்டெப் 3-யும் முடித்திருக்க வேண்டும். நிலத்தை எழுதிக் கொடுத்த மனிதருக்கு இந்த நிபந்தனைகள் தெரியுமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளை டாக்டரானால் கடன் தானாக அடையும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவரிடம் தேதியும் தொகையும் சொல்வது மகனின் கடமை. மதிப்பெண் வராவிட்டால்கூட அந்தக் கடமை இருக்கும்.

இந்த வாரம் அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேராக எந்த இரவு இருக்கிறதோ, அன்று எட்டு மணிக்கு முன்னால் வார்டுக்குப் போய், நண்பனிடம் நோயாளிகளை ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவனைத் தூங்க அனுப்புங்கள். இந்த மாதப் பணம் பாக்கி இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.