மரம் ஏறிய கை

வணக்கம் ஐயா,

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தம்பிக்கு 28 வயது. தேங்காய் பறிக்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. முதல் வருடம் சொன்ன பயிற்சியெல்லாம் செய்தான். இப்போது "செஞ்சா நடந்துடுவேனா, சொல்லு" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். அம்மா தினமும் அவன் காலை மடக்கி நீட்டிவிடுகிறார், அதுவே போதும் என்கிறார். இது சோம்பலா, மனசு விட்டுப்போச்சா? நாங்கள் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி சோம்பேறி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே மாதிரி சுவரைப் பார்த்துக் கிடந்தவன்தான் நானும்.

காட்பாடியில் வீட்டு வேலை நடந்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து எனக்கு 19 வருடம் ஆகிறது. "விடாம செய், பொங்கலுக்குள்ள நடந்துடுவே" என்றார் மாமா. அன்பாகத்தான் சொன்னார். பொங்கல் வந்தது, போனது. அப்புறம் எட்டு மாதம் நான் எதுவுமே செய்யவில்லை. அப்போது வந்த படுக்கைப் புண் ஆற ஒரு வருடம் பிடித்தது. பயிற்சி என்றால் நடைக்காகக் கட்டுகிற தவணை என்றே நம் வீடுகளில் நினைக்கிறோம். நடை வரவில்லை என்றதும் தவணையை நிறுத்திவிடுகிறோம்.

என்னை மறுபடி எழுப்பியது என் அம்மாவின் முதுகுவலி. தினமும் என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி வீல்சேரில் உட்காரவைத்தவர், ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஒன்றே ஒன்றுதான் செய்தேன். இரண்டு பக்கமும் கையை ஊன்றி இடுப்பை மேலே தூக்குவது. மூன்று மாதத்தில் ஒரு பலகை வழியாக நானே வீல்சேருக்கு நகர்ந்தேன். கொஞ்ச நாளில் பாத்ரூமுக்குத் தனியாகப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தம்பி கேட்ட கேள்விக்கு அவனைப் பரிசோதித்த டாக்டர் நேராகப் பதில் சொல்லட்டும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "யாரும் இல்லாம நீயே செய்யணும்னு எதை நினைக்கிறே?" அவன் சொல்வதிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம். மரம் ஏறிய கை அது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் படுத்தே கிடப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அம்மா செய்வதை நிறுத்த வேண்டாம். மூட்டுகள் இறுகாமல் இருக்க அது உதவும். ஆனால் மெதுவாக. அசையாத காலில் எலும்பு மெலிந்துபோகும், அழுத்தி மடக்கினால் முறியலாம். சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், வெந்தாலும் அவனுக்குத் தெரியாது. இன்னொன்று, அம்மா செய்வதில் அவனுடைய நெஞ்சுக்கும் கைக்கும் வேலையே இல்லை. அவனே மூச்சு வாங்கச் செய்வதுதான் பயிற்சி.

2018-இல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்றே ஒரு சர்வதேசப் பரிந்துரை வந்தது. உடல் தெம்புக்கு அதில் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச அளவு, வாரத்தில் இரண்டு முறை 20 நிமிடம் மூச்சு வாங்கும் உழைப்பு, கூடவே இரண்டு முறை தசை வலுப் பயிற்சி. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் என்றால் வாரம் மூன்று முறை 30 நிமிடம். அவ்வளவுதான். வீல்சேர் தள்ளுகிற தோள் சீக்கிரம் தேயும். அதனால் பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கட்டும்.

வெளியே போக அவன் தயங்கினால், காரணம் பெரும்பாலும் சிறுநீர்தான். நாலு பேர் முன்னால் லுங்கி நனைந்துவிடுமோ என்ற பயம். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வான்? கிளம்பும் முன் சிறுநீர்ப் பாதையில் மெல்லிய டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டால் நிம்மதியாகப் போய் வரலாம். அதிகாலையில், ரோடு காலியாக இருக்கும்போது போகட்டும். வேலூர் வெயிலும் ஒரு காரணம். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்ப்பது குறைவு, அதனால் உடம்பு சீக்கிரம் சூடேறும். நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், திடீரென்று தலை வெடிப்பது போல வலித்து முகம் வியர்த்தால் உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்காருங்கள், சிறுநீர் டியூப் மடங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். குறையவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வேலூர் பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றித் தம்பியிடம் சொல்லுங்கள். 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். கால் திரும்பட்டும் என்று காத்திருக்காமல், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

தம்பியைப் பாகாயத்துக்கு அழைத்துவரும் நாளை முன்கூட்டியே எழுதுங்கள். நானும் வருகிறேன். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு எப்படி நகர்வது என்று அவனுக்கு நானே செய்து காட்டுகிறேன்.