கழுதைக்காரன் மாலுமியாக மாறலாமா?

கேள்வி: கல்யாணமாகி நான்கு வருடம். கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கப்பல் வேலைக்குச் சரி சொல்லிவிட்டார். சம்பளம் இரண்டு மடங்கு. "பிரிந்திருக்க முடியாது" என்றால், "பொம்பளை பேசுற பேச்சா?" என்கிறார் மாமியார். தாம்பத்தியம் மனைவியின் உரிமை என்று யூத மத நூல்கள் சொல்வதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: உண்மைதான் சகோதரி. ஆகாரம், வஸ்திரம், விவாகக் கடமை மூன்றையும் மனைவிக்குக் குறைக்கக் கூடாது என்கிறது யாத்திராகமம் 21:10. மூன்றாவதற்கு எபிரேயத்தில் 'ஓனா' என்று பெயர். தாம்பத்திய உறவுதான் அது என்று யூத மத குருமார்களான ரபிகள் பொருள் சொன்னார்கள். அதைக் கொடுக்க வேண்டிய கடன் கணவனுடையது.

கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னா, தொழில்வாரியாகக் கணக்கே போட்டிருக்கிறது. வேலைக்குப் போகத் தேவையில்லாதவர் தினமும், கூலியாள் வாரம் இரண்டு முறை, கழுதை ஓட்டுபவர் வாரம் ஒரு முறை, ஒட்டகம் ஓட்டுபவர் 30 நாளுக்கு ஒரு முறை, மாலுமி ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

சரி, அதிக வருமானத்துக்காகக் கழுதை ஓட்டுபவன் ஒட்டகத்துக்கு மாறினால்? மிஷ்னாவை அலசும் தால்முத் நூலிலேயே இந்தக் கேள்வி வருகிறது. பிரிவோடு வரும் பத்துப் படி வருமானத்தைவிட, கணவனோடு கொஞ்சிக் குலவும் ஒரு படியே பெண்ணுக்குப் பிரியம் என்றார் அபாயே என்ற தால்முத் அறிஞர். 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதைச் சட்டமாகவே எழுதினார்: கழுதைக்காரன் ஒட்டகக்காரனாகவோ, ஒட்டகக்காரன் மாலுமியாகவோ மாறுவதை மனைவி தடுக்கலாம். மனைவியை வற்புறுத்தி உறவு கொள்வதையும் தால்முத் தடை செய்கிறது.

எல்லாம் சமமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உறவை மறுத்த மனைவிக்கு, திருமண ஒப்பந்தப்படி சேர வேண்டிய தொகையில் வாரம் 7 தினார் குறைத்தார்கள். மறுத்த கணவனுக்கு 3 தினார்தான் தண்டம்.

ஆனாலும் அதே தால்முத் ரவ் ரெஹூமியின் கதையை மறைக்கவில்லை. பாபிலோனியாவின் மஹோஸா ஊரில் ராவா என்ற ஆசிரியரிடம் படித்த அறிஞர் அவர். வருடத்துக்கு ஒருமுறை, யோம் கிப்பூர் நோன்புக்கு முந்தின நாள்தான் வீட்டுக்கு வருவார். ஒரு வருடம் படிப்பில் மூழ்கிவிட்டார். "இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார்" என்று காத்திருந்த மனைவியின் கண்ணில் ஒரு துளி வழிந்தது. அந்நேரம் ரெஹூமி உட்கார்ந்திருந்த கூரை இடிந்து விழுந்து செத்துப்போனார். வேதம் படித்ததற்காகக்கூட அவருக்கு மன்னிப்பு இல்லை.

ஆகவே கூச்சப்படாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கணவரை உட்காரவைத்து, எத்தனை மாதம் கடலில், எத்தனை நாள் வீட்டில் என்று கேளுங்கள். மாமியார் அந்தப் பேச்சில் இருக்க வேண்டாம்.