மருமகளுக்கு மூன்று பெயரா?

கேள்வி: ரஷ்யாவில் மருத்துவம் படித்த என் மகன், உடன் படித்த பெண்ணையே கட்டிக்கொள்ளப் போகிறான். பாஸ்போர்ட்டில் அவள் பெயர் ஸ்வெத்லானா. ஞானஸ்நானச் சான்றிதழில் ஃபோதினியா. மகன் கூப்பிடுவதோ ஸ்வேத்தா. "பெயர் மாறியிருக்கிறது, அஃபிடவிட், கெஜட் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ஆகும்" என்கிறார் ஏஜென்ட். ஏதாவது மறைக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. ஏஜென்ட்டிடம் பணத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ரஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றால் ஒளி. நம் ஊர் ஸ்வேதாவுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். ஆனால் ஸ்வெத்லானா ஆதிகாலத்துப் பெயர் அல்ல. 1802-ல் வொஸ்தோகோவ் என்ற கவிஞர் ஒரு கதைப்பாட்டுக்காக உண்டாக்கியது. 1813-ல் ழுக்கோவ்ஸ்கி என்ற கவிஞரின் 'ஸ்வெத்லானா' கதைப்பாடல் வந்தபின் எல்லோர் வாயிலும் புழங்கியது. கப்பலுக்குக்கூட வைத்தார்கள், 1905-ல் சுஷிமா கடற்போரில் மூழ்கிய ரஷ்யக் கப்பல்களில் ஒன்று 'ஸ்வெத்லானா'. குழந்தைக்கு வைக்கத்தான் வழியில்லை. அப்போது புனிதர் பட்டியலில் இல்லாத பெயரைப் பாதிரியார் ஏற்கமாட்டார். 1917 புரட்சிக்குப் பிறகு பிறப்புப் பதிவு தேவாலயத்திடமிருந்து அரசிடம் போனது. அப்புறம்தான் வீட்டுக்கு வீடு ஸ்வெத்லானா. ஸ்டாலினும் 1926-ல் பிறந்த மகளுக்கு அதையே வைத்தார்.

தேவாலயத்தில் இன்றும் பல ஸ்வெத்லானாக்களுக்கு ஃபோதினியா என்றுதான் ஞானஸ்நானம். கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணுக்கு மரபு தந்த பெயர் அது. அதற்கும் பொருள் ஒளிதான். நாம் சொல்லும் 'போட்டோ'வில் இருப்பதும் அதே கிரேக்கச் சொல். ஆக, அது வேறு பெயரே இல்லை, மொழிபெயர்ப்பு மாதிரி. அந்தச் சான்றிதழ் அரசு ஆவணமும் அல்ல. அதை யார் கோப்பில் வைக்கச் சொன்னது? எடுத்துவிடுங்கள். மூன்று பெயரைப் பார்த்தால் மூன்று பெண்கள் என்று எழுதிவிடும் குமாஸ்தாக்களிடம் நானே மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பெண் பெலாரஸ்காரி என்றால் பாஸ்போர்ட்டில் 'ஸ்வியத்லானா' என்றும், உக்ரைன்காரி என்றால் 'ஸ்வித்லானா' என்றும் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழ் ரஷ்ய மொழியில் இருந்தால் அதில் ஸ்வெத்லானா. ஒரே பெயர்தான், ஆனால் எழுத்து வேறு. அப்போது பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல், எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரிடமும் அதையே காட்டுங்கள். தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டு, திருத்தத்துக்குத் தனியாகக் காசு கேட்பவர்கள் உண்டு. 'ஸ்வியத்' என்று தொடங்குவதைப் பார்த்து, பெயர் அர்த்தம் சொல்லும் தளங்கள் 'புனிதமானவள்' என்று அடித்துவிடும். புனிதத்தைக் குறிப்பது வேறு சொல், வேறு வேர்.

இன்னொன்று: பிறப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் வருவது அப்பா பெயரிலிருந்து வந்த பெயர். பாஸ்போர்ட்டின் ஆங்கில வரியில் அது இருக்காது. நம் படிவத்தில் இனிஷியலுக்குக் கட்டம் இருக்கும், இதற்கு இருக்காது. அதை இனிஷியல் ஆக்கித் திணிக்க விடாதீர்கள்.

ஸ்வேத்தா என்பது செல்லப்பெயர். கல்யாணப் பத்திரிகையில் தாராளமாக அடிக்கலாம். பதிவுப் படிவத்தில் மட்டும் வேண்டாம்.